1066: ஒரு நாள் போரும் இருபது வருடப் பட்டா மாற்றமும்

ஆங்கில இலக்கியம் படிக்கிற யாரைக் கேட்டாலும் 1066 என்ற வருடம் தூக்கத்தில்கூட ஞாபகம் இருக்கும். மொழி வரலாறு பேப்பரில் தவறாமல் எட்டிப் பார்க்கிற கேள்வி அது. நார்மண்டியிலிருந்து வில்லியம் வந்தார், ஹேஸ்டிங்ஸில் ஹெரால்டைத் தோற்கடித்தார், ஆங்கிலத்தில் பிரெஞ்சு வார்த்தைகள் வந்து கலந்தன. மூன்று வரி. மார்க் வந்துவிடும். நாமும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

எனக்கு அந்த மூன்று வரியில் ஒரு நெருடல் உண்டு. அன்றைய இங்கிலாந்தின் மக்கள்தொகை பதினைந்திலிருந்து இருபது லட்சம் இருக்கும் என்கிறார்கள். வில்லியமோடு வந்த படை சில ஆயிரம் பேர். அதற்குப் பிறகு குடியேறிய நார்மன்களையும் சேர்த்தால்கூட ஊர் ஜனத்தில் அவர்கள் ஒரு சிட்டிகை உப்புதான். ஒரே ஒரு பகல் சண்டை. அதை வைத்து ஒரு தேசத்தையே எடுத்து, திருப்பித் தராமல், தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொள்ள முடியுமா? அந்த ஒரு நாளுக்குப் பிறகு என்ன நடந்தது?

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹேஸ்டிங்ஸில் ஹெரால்ட் தோற்றதற்கு அதிர்ஷ்டம், களைப்பு, குதிரைப்படை என்று பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் இங்கிலாந்து மொத்தமாகக் கை மாறியதற்குக் காரணம் அது பலவீனமான நாடாக இருந்தது அல்ல. மிகவும் ஒழுங்காக நடத்தப்பட்ட நாடாக இருந்ததுதான். கேட்க விசித்திரமாக இருக்கிறதா? கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

முதலில் அந்த வருடம்

தெரிந்த கதைதான், வேகமாகப் பார்த்துவிடலாம். 1066 ஜனவரி 5-ம் தேதி மன்னர் எட்வர்ட் வாரிசு இல்லாமல் இறந்தார். மறுநாளே ஹெரால்ட் காட்வின்சன் முடிசூட்டிக்கொண்டார். நாட்டிலேயே பெரிய பணக்காரக் குடும்பம், மறைந்த மன்னரின் மைத்துனர். எட்வர்டின் அம்மா எம்மா நார்மண்டிக்காரர். எட்வர்டும் தன் இளமைக் காலத்தை நார்மண்டியில்தான் அகதியாகக் கழித்தார். அந்த உறவை வைத்து, சிம்மாசனம் தனக்கு ஏற்கெனவே வாக்களிக்கப்பட்டது என்றார் வில்லியம்.

செப்டம்பரில் வடக்கே நார்வே மன்னர் ஹரால்ட் ஹார்ட்ராடா வந்து இறங்கினார். கூடவே வந்தது யார் தெரியுமா? ஹெரால்டின் சொந்தத் தம்பி டோஸ்டிக். (பங்காளிச் சண்டை எந்த நாட்டில்தான் இல்லை!) ஹெரால்ட் அசுர வேகத்தில் வடக்கே போய், செப்டம்பர் 25-ல் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் இரண்டு பேரையும் முடித்தார். மூன்று நாள் கழித்து, தெற்கே பெவன்சியில் வில்லியம் கரை இறங்கினார். ஹெரால்ட் மறுபடி ஓட்டமாகத் தெற்கே வந்தார். அக்டோபர் 14, ஹேஸ்டிங்ஸ். ஹெரால்டும் அவருடைய இரண்டு தம்பிகளும் அங்கேயே விழுந்தார்கள். கண்ணில் அம்பு பட்டதா இல்லையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதை அவர்களிடமே விட்டுவிடுவோம் :)

கிறிஸ்துமஸ் அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் வில்லியமுக்கு முடிசூட்டு விழா. உள்ளே கூட்டம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வாழ்த்துக் கோஷம் போட, வெளியே காவல் நின்ற நார்மன் வீரர்கள் ஏதோ கலவரம் என்று நினைத்துப் பக்கத்து வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள். புது ராஜாவுக்கும் பழைய ஜனங்களுக்கும் நடுவே இருந்த தூரம் எவ்வளவு என்று இந்த ஒரு சம்பவமே சொல்லிவிடும்.

இப்போது அடுத்ததைக் கவனியுங்கள். 1067 மார்ச்சில், முடிசூட்டி மூன்றே மாதத்தில், வில்லியம் நார்மண்டிக்குத் திரும்பிப் போய்விட்டார். திரும்பி வந்தது டிசம்பரில். புதிதாகப் பிடித்த நாட்டை ஒன்பது மாதம் விட்டுவிட்டுப் போகிற தைரியம் எங்கிருந்து வந்தது? முக்கியமான ஆங்கிலப் பிரபுக்களைக் கூடவே அழைத்துக்கொண்டு போனார் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதிதான் இந்தப் பதிவு.

சாவி கொடுத்து வைத்த கடிகாரம்

இங்கிலாந்தை ஒரே நாடாக்கியது நார்மன்கள்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை. 927-லேயே ஏதெல்ஸ்டன் அதைக் கிட்டத்தட்டச் செய்து முடித்துவிட்டார். அதற்குப் பின் வந்த நூறு வருடத்தில் ஆங்கிலோ சாக்சன் மன்னர்கள் கட்டி வைத்த நிர்வாகம் சாதாரணமானதல்ல.

நாடு 'ஷயர்'களாகப் பிரிக்கப்பட்டிருந்தது, நம் மாவட்டம் மாதிரி. ஷயருக்குக் கீழே 'ஹண்ட்ரட்', தாலுகா மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஊர்ச்சபை கூடும், வழக்கு விசாரிக்கப்படும். நிலத்துக்கெல்லாம் 'ஹைட்' என்ற கணக்கு இருந்தது. இந்த ஊருக்கு இத்தனை ஹைட், அதனால் இவ்வளவு வரி என்று எழுதியே வைத்திருந்தார்கள். மன்னருடைய ஆளாக ஷயருக்கு ஒருவர், ஷயர் ரீவ். அந்தப் பெயர்தான் தேய்ந்து 'ஷெரீப்' ஆனது. ஆமாம், ஒரு காலத்தில் நம் சென்னைக்கும் ஒரு கௌரவப் பதவியாக இருந்ததே, அதே ஷெரீப்தான். ஒரு சாக்சன் கிராமச் சொல் நார்மன்கள் கை வழியாக, பிற்கால ஆங்கிலேயர் கை வழியாக, நம் கடற்கரை வரை வந்திருக்கிறது.

நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 973 வாக்கில் மன்னர் எட்கர் செய்த சீர்திருத்தத்துக்குப் பிறகு நாடு முழுவதும் ஒரே மாதிரி வெள்ளிக்காசு. சில வருடத்துக்கு ஒரு தடவை பழைய காசைத் திரும்ப வாங்கி, உருக்கி, புது முத்திரையோடு வெளியிடுவார்கள். இதை ஒரு நாடு முழுக்க நடத்துவதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்!

இந்த இயந்திரத்தின் பலம் தெரிய வேண்டுமானால் 1018-ஐப் பாருங்கள். 1016-ல் டென்மார்க்கின் கனூட் இங்கிலாந்தைப் பிடித்தார். (ஆமாம், 1066-க்குச் சரியாக ஐம்பது வருடம் முன்னால் இன்னொரு வெளிநாட்டு வெற்றி. நம் மூன்று வரியில் அது வருவதே இல்லை.) இரண்டு வருடம் கழித்து அவர் வசூலித்த தொகை 72,000 பவுண்டு, அதுபோக லண்டனிடமிருந்து மட்டும் தனியாக 10,500 பவுண்டு என்று ஆங்கிலோ சாக்சன் நாளாகமம் சொல்கிறது. அந்த எண்ணைக் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொண்டாலும், தோற்றுப்போன ஒரு நாட்டிடமிருந்து இவ்வளவு வெள்ளியைக் கறக்க முடிந்ததற்குக் காரணம் கனூட்டின் கோடரி மட்டும் இல்லை. யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கு ஏற்கெனவே தயாராக இருந்தது.

வில்லியமுக்கும் அதே கணக்குதான் கிடைத்தது. அவர் எதையும் உடைக்கவில்லை. ஷயர் அப்படியே, ஹண்ட்ரட் அப்படியே, காசு அடிக்கிற முறை அப்படியே. ஆரம்ப வருடங்களில் சில ஆங்கிலேய ஷெரீப்களைக்கூட மாற்றவில்லை. மன்னர் உத்தரவுகள் சின்னச் சின்ன ஓலைகளாக முத்திரையோடு ஷயர் சபைக்குப் போகும்; 1070 வரைக்கும் அவற்றில் பல ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன. லண்டன் நகரத்துக்கு அவர் கொடுத்த உத்தரவாதச் சாசனம் பழைய ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, இன்றும் லண்டனில் பத்திரமாக இருக்கிறது. வரி? அதுவும் அப்படியே, கொஞ்சம் கூடவே. 1084-ல் ஹைட்டுக்கு ஆறு ஷில்லிங் வசூலித்தார். ஜனங்கள் அழுதார்கள், ஆனால் பணம் வந்து சேர்ந்தது.

கடிகாரத்துக்கு யார் சாவி கொடுத்தார்கள் என்று முள்ளுக்குத் தெரியாது. யார் கையில் இருந்தாலும் ஓடும்.

எதிர்ச் சோதனை: வேல்ஸும் வடக்கும்

இது வெறும் ஊகம்தானே என்று கேட்கலாம். பக்கத்து வீட்டைப் பாருங்கள். வேல்ஸ் சின்ன நாடு, ஏழை நாடு. பல குறுநில மன்னர்கள், ஒருவருக்கொருவர் தீராத பகை. பொதுக் கஜானா கிடையாது, நாடு முழுக்கச் செல்லுகிற வரிக்கணக்கு கிடையாது. நார்மன் பிரபுக்கள் ஹேஸ்டிங்ஸ் முடிந்த சூட்டோடு அங்கேயும் நுழைந்தார்கள். வேல்ஸ் முழுமையாகப் பிடிபட்டது எப்போது? 1283-ல், முதலாம் எட்வர்ட் காலத்தில். இருநூறு வருடத்துக்கும் மேல்!

வேல்ஸில் ஒருவரைத் தோற்கடித்தால் அவருடைய பள்ளத்தாக்கு மட்டும்தான் கிடைக்கும். இங்கிலாந்தில் ஒருவரைத் தோற்கடித்தால் முழுக் கச்சேரியும் கிடைக்கும். அதுதான் வித்தியாசம்.

இங்கிலாந்துக்குள்ளேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. மன்னர் நிர்வாகத்தின் பிடி தெற்கில் இருந்த அளவுக்கு வடக்கில் இல்லை. நார்தம்பர்லாந்துப் பக்கம் அது மெலிந்தே இருந்தது. வில்லியமுக்கு மிகப் பெரிய தலைவலி கொடுத்ததும் அந்த வடக்குதான். 1069-ல் டென்மார்க் கப்பல்களும் உள்ளூர்க் கிளர்ச்சியாளர்களும் சேர்ந்து யார்க் நகரத்தைப் பிடித்தார்கள். ஓலை வேலை செய்யாத இடத்தில் வில்லியம் தீயை அனுப்பினார். 1069-70 குளிர்காலத்தில் பயிர், விதை, மாடு, கலப்பை எல்லாம் எரிக்கப்பட்டன. பின்னால் வந்தது பஞ்சம். பதினாறு வருடம் கழித்து எடுத்த கணக்கிலும் யார்க்ஷயரில் ஊர் ஊராக 'பாழ்' என்றே எழுதியிருக்கிறது. ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி (அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா ஆங்கிலேயர்) வில்லியமின் மற்ற சாதனைகளைப் புகழ்ந்து எழுதியவர். இந்த ஒரு காரியத்தை மட்டும் தன்னால் புகழ முடியாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்தார்.

பட்டா மாற்றம்

இனிதான் உண்மையான வெற்றி. ஹேஸ்டிங்ஸ் ஒரு நாள். இது இருபது வருடம்.

முதலில் சண்டையில் ஹெரால்ட் பக்கம் நின்றவர்களின் நிலம் பறிமுதல். பிறகு ஒவ்வொரு கிளர்ச்சிக்கும் ஒரு பறிமுதல். 1070-ல் கான்டர்பரி ஆர்ச்பிஷப் ஸ்டிகாண்ட் நீக்கப்பட்டு லான்ஃப்ராங்க் வந்தார். 1071-ல் ஈலி சதுப்பு நிலத்தில் ஹியர்வர்டின் எதிர்ப்பு அடங்கியது. 1075-ல் இன்னொரு கலகம். அதற்காக 1076-ல் ஏர்ல் வால்தியோஃப் வின்செஸ்டரில் தலை வெட்டப்பட்டார். ஒவ்வொரு முறையும் பழைய பெயரை அடித்து, புதுப் பெயரை எழுதினார்கள். நிலத்தின் எல்லை மாறாது, ஹைட் கணக்கு மாறாது. பட்டாதாரர் பெயர் மட்டும் மாறும்.

1085 கிறிஸ்துமஸுக்கு க்ளஸ்டரில் கூடிய அவையில் வில்லியம் ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். 1086-ல் அது நடந்தது. பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள். ஒவ்வொரு ஹண்ட்ரடிலிருந்தும் ஆட்களை வரவழைத்து, சத்தியம் வாங்கிக் கேட்டார்கள். எட்வர்ட் காலத்தில் இந்த நிலம் யாருடையது? இப்போது யாருடையது? எத்தனை ஏர், எத்தனை ஆலை, எத்தனை குடி, மதிப்பு எவ்வளவு? கடைசித் தீர்ப்பு நாள் மாதிரி இதற்கு அப்பீலே கிடையாது என்பதால் ஜனங்கள் இதற்கு 'டூம்ஸ்டே' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இதே ஊர்ச்சபைகளும் இதே வரிக்கணக்குகளும் முன்பே இல்லாமலிருந்தால் ஒரு வருடத்துக்குள் இப்படி ஒரு கணக்கை எடுத்திருக்கவே முடியாது. தோற்றவர்களின் நிர்வாகத்தை வைத்தே தோற்றவர்களின் இழப்பைப் பதிவு செய்தார்கள்!

அந்தப் புத்தகம் காட்டுகிற கணக்கு இதுதான். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நிலம் மன்னரிடம். கால் பங்கு திருச்சபையிடம். மீதியில் பெரும்பகுதி சுமார் இருநூறு பிரபுக்களிடம், கிட்டத்தட்ட எல்லோரும் கடல் தாண்டி வந்தவர்கள். மன்னரிடமிருந்து நேரடியாகப் பெரிய அளவில் நிலம் வைத்திருந்த ஆங்கிலேயர்கள் இரண்டே பேர்: வாரிக்ஷயரில் தர்கில், லிங்கனில் கோல்ஸ்வெய்ன். இருபதே வருடத்தில் ஒரு நாட்டின் மேல்தட்டு முழுவதும் துடைத்து எடுக்கப்பட்டுவிட்டது.

இதில் இரண்டு பதிவுகள் என்னை ரொம்ப யோசிக்க வைத்தன.

ஒன்று, ஹெரால்ட். டூம்ஸ்டே புத்தகத்தில் அவர் வருகிறார், ஆனால் மன்னராக அல்ல, ஏர்லாக. முந்தைய நிலைமையைக் குறிக்க வேண்டுமானால் எட்வர்ட் உயிரோடிருந்து இறந்த நாள் என்றுதான் கணக்கு. நடுவிலே முடிசூட்டி ஒன்பது மாதம் ஆண்ட ஒரு மன்னர் ஏட்டில் இல்லவே இல்லை. ஹேஸ்டிங்ஸில் அவர் உயிர்தான் போனது. அவர் ஆட்சியை எடுத்தது எழுத்தர்களின் பேனா.

இரண்டாவது, ஏல்ரிக். பக்கிங்ஹாம்ஷயரில் மார்ஷ் கிப்பன் என்ற ஊர்க்காரர். எட்வர்ட் காலத்தில் அது அவருடைய சொந்த நிலம். 1086-ல் அதே நிலத்தை ஒரு நார்மன் பிரபுவிடம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்துகொண்டிருக்கிறார். அதுவும் மிகுந்த கஷ்டத்தோடும் துயரத்தோடும் என்று எழுத்தர் குறித்து வைத்திருக்கிறார். ஏர், ஆடு, மாடு எண்ண வந்த அதிகாரிக்கு அதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. என்ன தோன்றியதோ, எழுதிவிட்டார். 1066 என்றால் எனக்கு இனிமேல் வில்லியம் இல்லை, ஹெரால்ட் இல்லை, தன் நிலத்திலேயே குத்தகைக்காரனான இந்த ஏல்ரிக்தான் ஞாபகம் வருவார்.

மாடும் பீஃபும்

மொழி பற்றிச் சொல்லாமல் விட்டால் வகுப்பில் சண்டைக்கு வருவார்கள். தொழுவத்தில் இருக்கும்போது 'கவ்', தட்டுக்கு வந்தால் 'பீஃப்'. மேய்க்கிறவன் ஆங்கிலேயன், சாப்பிடுகிறவன் நார்மன். அழகான விளக்கம். இதைப் பிரபலமாக்கியது வால்டர் ஸ்காட் 1819-ல் எழுதிய 'ஐவன்ஹோ' நாவல். ஆனால் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வெள்ளமாக வந்தது ஹேஸ்டிங்ஸ் முடிந்த மறுநாள் அல்ல. பெரும்பாலானவை வந்தது பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில். அதாவது மேல்தட்டுக்காரர்கள் பிரெஞ்சை விட்டு ஆங்கிலத்துக்கு மாற ஆரம்பித்தபோது, தங்கள் சொற்களையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். நீதிமன்ற வாதம் ஆங்கிலத்தில் நடக்கலாம் என்று சட்டம் வந்ததே 1362-ல்.

உடனே தெரிந்த மாற்றம் பெயர்களில்தான். காட்வின், காட்ரிக், ஏதெல்ரெட் எல்லாம் போய், இரண்டு மூன்று தலைமுறையில் ஊரெல்லாம் வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட். பன்னிரண்டாம் நூற்றாண்டில் விட்பியில் பிறந்த ஒரு பையனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் டோஸ்டி. கூட இருந்த பையன்கள் கேலி செய்கிறார்கள் என்று வில்லியம் என்று மாற்றிக்கொண்டான். பிற்காலத்தில் ஃபார்ன் தீவில் துறவியான பார்த்தலோமியு அவர்தான். மன்னர் குடும்பமே தப்பவில்லை. முதலாம் ஹென்றி 1100-ல் பழைய சாக்சன் அரச வம்சத்துப் பெண் ஈடித்தைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் மடில்டா என்று பெயர் மாற்றிக்கொண்டார். அப்படியும் நார்மன் பிரபுக்கள் இந்தத் தம்பதியை காட்ரிக், காட்கிஃபு என்று ஆங்கிலப் பெயர் வைத்துக் கிண்டல் செய்தார்களாம். சொந்த நாட்டில் சொந்தப் பெயரே கிண்டலாக ஆவது, நிலம் போனதைவிடச் சின்ன இழப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் முன்பு பொற்காலமா?

நிச்சயமாக இல்லை. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'நார்மன் நுகத்தடி' என்று ஒரு பேச்சு பலமாக இருந்தது. சாக்சன் காலத்தில் எல்லோரும் சுதந்திரமாக இருந்தார்கள், வில்லியம் வந்து கெடுத்தார் என்று. ஜெரார்ட் வின்ஸ்டன்லி போன்றவர்கள் அதை வைத்து நிலப் பிரபுக்களை எதிர்த்தார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. அவர்கள் சொன்ன வரலாறு அவ்வளவு சரியில்லை. அதே டூம்ஸ்டே புத்தகத்தில் சுமார் 28,000 அடிமைகள் பதிவாகியிருக்கிறார்கள். பதிவான ஆட்களில் பத்துக்கு ஒருவர். அந்த அடிமைமுறை நார்மன்கள் கொண்டுவந்தது அல்ல, பழைய இங்கிலாந்தின் சொத்து. பிரிஸ்டல் துறைமுகத்திலிருந்து ஆட்களை அயர்லாந்துக்கு ஏற்றி விற்றார்கள். 1102-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய திருச்சபை மாநாடு மனிதர்களை விற்பதைத் தடை செய்தது. அடுத்த சில தலைமுறைகளில் அடிமைமுறை அங்கே மறைந்தே போனது. மேல்தட்டு பறிகொடுத்த அதே காலத்தில், அடித்தட்டில் ஒரு கொடுமை ஒழிந்தது. இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இன்னொரு கட்சி இருக்கிறது: நார்மன்கள்தான் ஒழுங்கையும் நிர்வாகத்தையும் கொண்டுவந்தார்கள், இங்கிலாந்து முன்னேறியதே அவர்களால்தான் என்பார்கள். கோட்டைகளையும் பிரம்மாண்டமான தேவாலயங்களையும் காட்டுவார்கள். கோட்டை உண்மைதான். லிங்கனில் ஒரு கோட்டை கட்ட 166 வீடுகள் அழிக்கப்பட்டன என்பதும் உண்மைதான். ஆனால் நிர்வாகம்? அது அங்கே இருந்தது. வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஜெயித்தவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, வீட்டையே நான்தான் கட்டினேன் என்று சொல்கிற கதை இது.

கடைசியாக

நல்ல நிர்வாகம், சரியான பதிவேடு, ஒழுங்கான வரி இதெல்லாம் ஒரு நாட்டின் பலம் என்று படிக்கிறோம். சந்தேகமில்லை. ஆனால் 1066 எனக்குச் சொல்வது வேறொன்று. அந்தப் பலம் ஜனங்களுடைய பலமாகத் தானாக ஆகிவிடாது. பதிவேட்டுக்கு விசுவாசம் கிடையாது. எட்வர்டுக்கு எழுதிய அதே கை வில்லியமுக்கும் எழுதும். ஒரு நாட்டின் எல்லாச் சாவியையும் ஒரே கொத்தில் மாட்டி ஒரே ஆணியில் தொங்கவிட்டால், அதை எட்டிப் பிடிக்கிறவனுக்கு வேலை சுலபம். தாறுமாறாகக் கிடந்த வேல்ஸ் இருநூறு வருடம் தாக்குப்பிடித்தது. சீராக இருந்த இங்கிலாந்து இருபது வருடத்தில் முடிந்தது.

அதற்காகத் தாறுமாறாக இருக்கச் சொல்கிறீர்களா என்று யாராவது கேட்பீர்கள். இல்லை. எவ்வளவு திறமையாக நடக்கிறது என்று கேட்கும்போதே, யாருக்காக நடக்கிறது, யாரால் அதை நிறுத்த முடியும் என்றும் கேட்க வேண்டும் என்கிறேன். ஏல்ரிக்கின் ஹண்ட்ரட் சபை ஒழுங்காகக் கூடியது. அவர் நிலம் யாருடையதாக இருந்தது என்று சரியாகச் சொன்னது. அது தவறில்லாமல் எழுதவும் பட்டது. நிலம் மட்டும் திரும்பி வரவில்லை.

அடுத்த முறை 1066 கேள்வி வந்தால் மூன்று வரி எழுதி மார்க் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. நான்காவது வரி ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.